தண்ணி குறைவாய்க் கேட்கும் பூக்கன்றுகள்: வழக்குக்காகக் காத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி



இந்தப் பக்கத்தில் வழமையாக வாரக்காசு, வீடு, சொலிசிட்டர், இன்ரவியூ என்றுதான் எழுதுவோம். இந்த முறை பூக்கன்று பற்றி எழுதுகிறோம். "இருக்கிற பிரச்சினைக்குள்ள பூக்கன்றோ?" என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

இங்கிலாந்துக்கு வந்து தஞ்சம் கோரியவர்களில் கனபேர் எங்களிடம் சொல்லும் முதல் விஷயம், "காலமை எழும்பி என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்பதுதான். வேலை செய்ய அனுமதி இல்லை. கையில் காசு இல்லை. கடிதம் எப்போது வரும் என்றும் தெரியாது. பூக்கன்று வளர்த்தால் வழக்கு வெல்லாது, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் நாளுக்கு 10 நிமிட வேலையும், அறையை விட்டு வெளியே போக ஒரு காரணமும், அயலவரோடு ஆங்கிலத்தில் கதைக்க ஒரு விஷயமும் கிடைக்கும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. சில கன்றுகள் காசே இல்லாமல் கிடைக்கும்.

இதில் சொல்லப்போவது எல்லாம் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் கன்றுகள். ஒருமுறை வேர் பிடித்தால் வெயிலைத் தாங்கும். தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் தேடி வரும்.

முதலில் சட்டம்

கன்றுக்குப் போக முதல் இந்த ஐந்தையும் வாசியுங்கோ.

1. உங்கட சந்தோஷத்துக்குக் கன்று வளர்ப்பது வேலை அல்ல. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் வளர்த்த கன்றை விற்றால், அல்லது ஒருவரின் தோட்டத்தைத் துப்புரவாக்கிக் காசு வாங்கினால், அது வேலை. வேலை அனுமதி இல்லாமல் அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். "கையில காசு தாறன், ஒருத்தருக்கும் தெரியாது" என்று யாரும் கூப்பிட்டால் போகாதையுங்கோ.

2. தொண்டு நிறுவனம் அல்லது அரசாங்க அமைப்பு ஒன்றில் சம்பளமில்லாத தொண்டராகச் சேரலாம். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது அனுமதிக்கப்பட்டது. உண்மையாகச் செலவான பஸ் காசு, சாப்பாட்டுக் காசு மட்டும் வாங்கலாம். தனியார் கடையில் அல்லது கொம்பனியில் "சம்பளமில்லாமல் வேலை பழகுங்கோ" என்றால் அது வேறு விஷயம். எங்களிடம் கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

3. நீங்கள் தங்கியிருக்கும் வீட்டின் நிலம் உங்களுடையது அல்ல. நிலத்தைக் கிண்ட முன்னம் வீட்டுக்குப் பொறுப்பான அலுவலரிடம் கேளுங்கள். சாடியில் வளர்ப்பது சுலபம். ஆனால் படிக்கட்டிலும் நடைபாதையிலும் சாடி வைக்கக்கூடாது, நெருப்புப் பிடித்தால் ஆட்கள் ஓடும் வழி அது. மேல்மாடி ஜன்னல் விளிம்பிலும் வைக்க வேண்டாம், கீழே போறவரின் தலையில் விழும்.

4. பூங்காவிலோ வேறொருவர் வளவிலோ கேட்காமல் கன்று பிடுங்க வேண்டாம். காட்டுச் செடியைக்கூட நிலச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் வேரோடு பிடுங்குவது இந்த நாட்டில் சட்டவிரோதம். சின்ன விஷயத்துக்காகப் பொலிஸ் பதிவு வந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

5. ஊரிலிருந்து விதை, தடி, கிழங்கு தபாலில் அனுப்பச் சொல்லாதையுங்கோ. வெளிநாட்டிலிருந்து வரும் கன்றுகளுக்கும் பலவகை விதைகளுக்கும் தாவர நோய் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும்.

லண்டன் மழையும் எங்கட மழையும்

இங்கிலாந்து முழுக்க எந்நாளும் மழை என்று நாங்கள் நினைத்துக்கொண்டு வருவோம். கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு 1200 மில்லிமீற்றருக்குக் கிட்ட மழை பெய்கிறது. லண்டனில் பெய்வது 600 மில்லிமீற்றர் அளவுதான். கிட்டத்தட்ட அரைவாசி! எங்கட மழை ஒக்ரோபர் தொடங்கி டிசம்பர் வரையில் பெருமளவு கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே அது வருடம் முழுக்கத் தூறலாய்ப் பரவி விழுகிறது. அதனால்தான் எப்போதும் ஈரம் போலத் தெரிகிறது.

2022 யூலை 19 அன்று லிங்கன்ஷயரில் உள்ள கொனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. இந்த நாட்டில் 40 பாகையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் லண்டன் பகுதியில் குழாய் பூட்டித் தோட்டத்துக்குத் தண்ணி அடிக்கத் தடை போட்டார்கள். 2025 கோடையிலும் சில பகுதிகளில் இந்தத் தடை வந்தது. இப்படித் தடை வரும் காலத்திலும் பூவாளியால், வாளியால் ஊற்றலாம். தடை குழாய்க்குத்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எங்கட ஊரில் கன்று சாவது பங்குனி, சித்திரை வெயிலில். இங்கே வறட்சி தாங்கும் கன்றுகள் கூடுதலாகச் சாவது குளிர்கால ஈரத்தில். நவம்பர் தொடங்கி பெப்ரவரி வரை வெயில் இல்லை, மண் காயாது, வேர் தண்ணிக்குள் நின்று அழுகிவிடும். ஆகவே இந்தக் கன்றுகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, தண்ணி வடிந்து போக வழி விடுவதுதான். ஊற்றுவது இரண்டாம் பட்சம்.

இதை ஊருக்கெல்லாம் செய்து காட்டியவர் பெத் சாட்டோ என்ற அம்மையார். எஸெக்ஸில் கொல்செஸ்ரருக்குக் கிட்ட அவருடைய தோட்டம் இருக்கிறது. அந்தப் பகுதி இங்கிலாந்தின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் கார் நிறுத்தும் நிலம் ஒன்றை அவர் சல்லிக்கல் தோட்டமாக மாற்றினார். தண்ணி இறைக்காமலேயே அது நின்று பூக்கிறது. அவர் 2018 இல் காலமானார். தோட்டம் இன்றும் இருக்கிறது. நிலத்தைக் கன்றுக்காக மாற்றப் பாடுபடாமல், இருக்கிற நிலத்துக்கு ஏற்ற கன்றைத் தெரிவு செய் என்பதே அவரது முறை.

எந்தக் கன்றுகள்?

இந்தக் கன்றுகளில் கூடுதலானவை வெயில் விழும் இடத்தைத்தான் கேட்கும். ஒரு நாளுக்கு 6 மணித்தியால வெயில் இருந்தால் நல்லது. இலையைப் பார்த்தே இனம் கண்டுபிடிக்கலாம். சாம்பல் நிறம், மயிர் படர்ந்த இலை, சிறிய ஒடுங்கிய இலை, சதைப்பற்றான இலை, இவையெல்லாம் தண்ணியைச் சேமிக்கும் அடையாளங்கள்.

1. லவண்டர். ஊதாப் பூ, சாம்பல் இலை, நல்ல வாசம். மத்தியதரைக் கடல் பக்கத்து மலைகளில் வளர்ந்தது, ஆகவே கல்லு மண்ணே போதும், பசளை வேண்டாம். பசளை போட்டால் இலை கூடிப் பூ குறையும். யூன், யூலையில் பூக்கும். பூத்து முடிந்ததும் ஓகஸ்டில் பூக்காம்போடு கொஞ்சம் இலையும் சேர்த்து வெட்டிவிடுங்கள். இலையில்லாத பழைய மரத் தண்டு வரை வெட்டக்கூடாது, திரும்பத் தளிர்க்காது.

2. சீடம். கடையில் லேபலில் ஹைலோடெலெஃபியம் என்றும் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். தடித்த சதை இலை. எங்கட ரணகள்ளியின் குடும்பம் இது. இலை நட்டாலே முளைக்கும் ரணகள்ளி ஞாபகம் இருக்குத்தானே? சீடமும் அப்படி இலகுவாக வேர் பிடிக்கும். ஓகஸ்ட் கடைசி தொடங்கி ஒக்ரோபர் வரை இளஞ்சிவப்புப் பூ. மற்றப் பூக்கள் முடிகிற நேரத்தில் பூப்பதால் வண்ணத்துப்பூச்சிக்கும் தேனீக்கும் பெரிய உதவி.

3. கட்மின்ற். துளசியின் குடும்பம். மே மாதம் தொடங்கி நீலம் கலந்த ஊதாப் பூ. முதல் பூ முடிய அடியோடு கத்தரித்துவிட்டால் கோடை கடைசியில் இன்னொரு முறை பூக்கும். பூனைகள் இதில் விழுந்து புரளும், கோபிக்க வேண்டாம்.

4. ஒறிகானோவும் தைமும். இவையும் துளசிக் குடும்பம்தான். ஒறிகானோ இலையைக் கசக்கி மணந்து பாருங்கள், கற்பூரவள்ளி வாசம் அடிக்கும். கறிக்கும் போடலாம். இலையை முழுக்கப் பறிக்காமல் யூலையில் பூக்க விட்டுப் பாருங்கள், கன்று முழுக்கத் தேனீயாய் இருக்கும்.

5. வெர்பினா பொனாரியென்சிஸ். தென்னமெரிக்காவில் இருந்து வந்தது. ஆள் உயரம் வரை மெல்லிய தண்டு, உச்சியில் ஊதாப் பூக்கொத்து. கடுங்குளிரில் சிலவேளை செத்துவிடும், ஆனால் தானே விதை கொட்டி அடுத்த வருடம் முளைக்கும். சாடியைவிட நிலத்துக்கே நல்லது.

6. சிவப்பு வலேரியன். பழைய மதில் இடுக்குகளிலும் ரெயில் பாதை ஓரங்களிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். சுண்ணாம்புக் காரையில்கூட வளரும். விதை காற்றில் பறந்து பரவும், ஆகவே சாடியில் வைத்தால் விதை முற்ற முதல் பூவை வெட்டுங்கள்.

இன்னொரு கவனம். வாங்கும்போது அடுக்குப் பூவைத் தவிருங்கள். அடுக்குச் செவ்வரத்தை மாதிரி இதழ் மேல் இதழாக இருக்கும் பூக்கள் பார்க்க வடிவு. ஆனால் மகரந்தம் தரும் பகுதிகளே அங்கே இதழாக மாறியிருக்கும். தேனீ வந்து ஏமாந்து போகும். ஒற்றைப் பூவே நல்லது.

பிள்ளைகள் இருக்கும் வீடென்றால்

யூஃபோர்பியா என்ற கன்றும் வறட்சி தாங்கும், தோட்டங்களில் கனக்க இருக்கிறது. அது எங்கட கள்ளி இனம். முறித்தால் பால் வரும், தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. ஃபொக்ஸ்குளவ் என்ற மணி வடிவப் பூக்கன்று முழுக்கவே நஞ்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டும் வேண்டாம். கை வெட்டுக்காயத்தோடு மண் அளைய வேண்டாம். ஏற்புத்தடுப்பு ஊசி போட்டீர்களா என்று நினைவில்லை என்றால் உங்கட ஜீபியிடம் கேளுங்கள்.

காசில்லாமல் கன்று எடுப்பது

கார்டன் சென்ரரில் விலை பார்த்துப் பயப்பிட வேண்டாம். வழிகள் உண்டு.

தடி வெட்டி நடுதல்: லவண்டருக்கு யூன் தொடங்கி செப்ரெம்பர் வரை நல்ல காலம். பூ இல்லாத இளம் கிளையை 10 சென்ரிமீற்றர் நீளத்தில் எடுங்கள். கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, மணல் கலந்த கொம்போஸ்ரில் சாடியின் ஓரமாக ஊன்றுங்கள். மேலே பிளாஸ்ரிக் பையால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். 4 தொடங்கி 6 கிழமையில் வேர் வரும். சீடத்துக்குப் பை மூட வேண்டாம், சதைத்தண்டு அழுகிவிடும். கோடைத் தொடக்கத்தில் தண்டை வெட்டி ஒரு நாள் காயவிட்டு ஊன்றினால் போதும்.

பிரித்து நடுதல்: சீடம், கட்மின்ற், ஒறிகானோ மூன்றும் மூன்று நாலு வருடத்தில் புதராய்ப் பெருக்கும். மார்ச், ஏப்ரலில் வேரோடு கிளப்பி இரண்டு மூன்றாகப் பிரிக்கலாம். தோட்டம் வைத்திருப்பவர்கள் அந்தக் காலத்தில் மிச்சத்தை எறிவார்கள். கேட்டால் தருவார்கள்.

சுப்பர்மார்க்கெட் சாடி: சமையலுக்கு விற்கும் ஒறிகானோ, தைம் சாடியில் கனக்கக் கன்று நெருக்கமாக இருக்கும். அதை மூன்று நாலாகப் பிரித்து நடுங்கள். மே மாதம் நல்ல நேரம்.

அயலவரிடம் கேட்க ஆங்கிலம் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். இதைப் பாடமாக்குங்கோ: "எக்ஸ்கியூஸ் மீ, யுவர் ஃபிளவர்ஸ் ஆர் லவ்லி. மே ஐ டேக் எ ஸ்மோல் கட்டிங், பிளீஸ்?" இல்லை என்றால் "நோ புரொப்ளம், தாங்க் யூ" என்று சிரித்துவிட்டு வாங்கோ. தோட்டம் வைத்திருக்கும் ஆட்களுக்குக் கன்று பற்றிக் கதைக்க விருப்பம். பெயர் கேளுங்கள், எப்போது பூக்கும் என்று கேளுங்கள். வகுப்பில் ஒரு மணித்தியாலம் படிக்கிற ஆங்கிலம் வேலியடியில் நின்று 5 நிமிடத்தில் நாக்குக்கு வரும்.

நடுவதும் தண்ணி விடுவதும்

சாடி வாங்கத் தேவையில்லை. பெரிய தயிர் வாளி, பழைய பெயின்ற் வாளி போதும், வடிவாய்க் கழுவி அடியில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். கொம்போஸ்ற் இரண்டு பங்கு, பரும்மணல் அல்லது சின்னச் சல்லி ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். சாடியை நிலத்தில் ஒட்ட வைக்காமல் இரண்டு உடைந்த செங்கல்லின் மேல் வைத்தால் தண்ணி வடியும். கீழே தட்டு வைத்துத் தண்ணி தேக்க வேண்டாம்.

"வறட்சி தாங்கும்" என்றால் நட்ட அன்றிலிருந்தே தாங்கும் என்று அர்த்தமில்லை. நிலத்தில் நட்ட கன்றுக்கு முதல் வருடம் மழை இல்லாத கிழமைகளில் தண்ணி வேண்டும். தினம் தினம் மேலால் தெளிப்பதை விட, கிழமைக்கு ஒருமுறை ஒரு வாளி ஆறுதலாக ஊற்றுங்கள். தண்ணி ஆழத்துக்குப் போனால் வேரும் அதைத் தேடி ஆழத்துக்குப் போகும். மேலால் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், பிறகு ஒரு கிழமை வெயிலையும் தாங்காது. இரண்டாம் வருடம் தொடங்கி அது தன்பாட்டில் நிற்கும்.

சாடியில் உள்ள கன்றுக்கு ஆழம் இல்லை. ஆகவே கடும் வெயிலில் எப்போதும் தண்ணி வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், இரண்டாம் மொழி வரை காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் அநேகமாக ஊற்றவே தேவையில்லை.

செத்துப் போச்சு என்று எறிய வேண்டாம்

புதிதாக வந்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நவம்பரில் சீடம், கட்மின்ற் இரண்டும் மேலால் பட்டுக் கறுத்துவிடும். எங்கட ஊரில் அப்படிக் கண்டால் பிடுங்கி எறிவோம். இங்கே எறியாதையுங்கோ. வேர் உயிரோடு இருக்கிறது. காய்ந்த தண்டை மார்ச் வரை அப்படியே விடுங்கள், சிறு பூச்சிகள் குளிருக்கு அதற்குள் ஒதுங்கும். பெப்ரவரி, மார்ச்சில் அடியைக் கிளறிப் பாருங்கள். சீடத்தின் அடியில் கோவாப்பூ மாதிரிச் சின்னச் சின்ன மொட்டு இருக்கும். அதன்பிறகு காய்ந்ததை வெட்டுங்கள்.

யார் வருவார்கள்?

பிரித்தானியாவில் ஏறக்குறைய 270 வகைத் தேனீக்கள் உண்டு. எங்களுக்குத் தெரிந்த, கூட்டில் தேன் சேர்க்கும் தேனீ அதில் ஒரு வகை மட்டுமே. உடம்பு முழுக்க மயிரோடு, கொழுத்து, உறுமிக்கொண்டு பறப்பது பம்பிள் பீ. பார்க்கப் பயமாய் இருக்கும், ஆனால் பிடித்து நசுக்கினால் அல்லது கூட்டைக் குழப்பினால் ஒழியக் கொட்டுவது குறைவு. லவண்டரில் இதைத்தான் கூடுதலாகக் காண்பீர்கள். இதன் நாக்கு நீளம், அதனால் சாதாரணத் தேனீயைவிட விரைவாக ஒவ்வொரு பூவாகத் தேன் எடுக்கும். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைக் கணக்கெடுத்து 2013 இல் எழுதியிருக்கிறார்கள்.

பம்பிள் பீ கூட்டம் இலையுதிர்காலத்தோடு முடிந்துவிடும். புதிய ராணி மட்டும் மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழித்து, பெப்ரவரி, மார்ச்சில் பசியோடு வெளியே வரும். ஆகவே வசந்தத்தில் ஒன்று, கோடையில் ஒன்று, செப்ரெம்பரில் ஒன்று என்று பூ இருக்கும்படி மூன்று வகை வையுங்கள். பூச்சி மருந்து அடிக்க வேண்டாம்.

இடம் மாற்றினால் என்ன செய்வது?

தங்குமிடத்தை மாற்றச் சொல்லிக் கடிதம் குறுகிய அவகாசத்தில் வரலாம். வாகனத்தில் சாடி ஏற்ற விடமாட்டார்கள். அப்படி வந்தால் சீடத்தின் இரண்டு தண்டை வெட்டிக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், பல நாள் தாங்கும். லவண்டர் கிளையென்றால் ஈரக் கடதாசியில் சுற்றிப் பிளாஸ்ரிக் பையில் போடுங்கள், இரண்டு மூன்று நாளுக்குள் நட வேண்டும். சாடியை அயலவருக்கோ அருகிலுள்ள சமூகத் தோட்டத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.

சமூகத் தோட்டம் என்பது ஆட்கள் சேர்ந்து பராமரிக்கும் பொது இடம். கனக்க நகரங்களில் உண்டு. கருவி, மண், தேத்தண்ணி எல்லாம் அங்கேயே இருக்கும். கவுன்சிலின் வாடகைத் தோட்டத் துண்டுக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டிவரும், ஆகவே இதுதான் சுலபம். இங்கிலாந்தில் உள்ளவர்கள் ஜீபி நிலையத்தில் "சோஷல் பிரிஸ்கிரைபிங்" என்று கேட்டால், இப்படியான குழுக்களோடு தொடுத்துவிடுவார்கள். நித்திரை இல்லை, மனம் சரியில்லை என்று இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள். அது மருந்துக்குப் பதில் அல்ல, மருந்தோடு சேர்த்துத்தான்.

அங்கே போனால் உங்கட வழக்குக் கதையை யாருக்கும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. பெயர் சொன்னால் போதும். ஹோம் ஒஃபிஸில் கையெழுத்திடும் நாளும் சொலிசிட்டரைச் சந்திக்கும் நாளும் எப்போதும் முதலில். தோட்ட நாளோடு மோதினால் தோட்டத்துக்குத்தான் லீவு.

பகுதியிலுள்ள சமூகத் தோட்டத்தின் விபரம் வேண்டுமென்றால், அல்லது தொண்டராகச் சேர முன்னம் படிவத்தை விளங்கப்படுத்த ஆள் வேண்டுமென்றால், ஆலோசனை நாளில் வாங்கோ. கடிதங்களைக் கொண்டுவரும்போது கூடவே ஒரு வெறும் தயிர் வாளியையும் கொண்டுவந்தால், அதில் ஓட்டை போட்டு எப்படி நடுவது என்று காட்டி அனுப்புவோம்.